மரீ: ஊற்றுகளை ஒட்டி வந்த பாதை

தெற்கு ஆஸ்திரேலியாவின் மரீ என்னும் பாலைவனச் சிற்றூரை 1884 இல் அங்கு வந்த தொடருந்துப் பாதையே உருவாக்கியது என்கிறது அவ்வூரைப் பற்றி நான் வாசித்த ஒரு கட்டுரை. அப்பாதை ஏன் அவ்வழியே போனது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். பழங்குடி மக்கள் பன்னெடுங்காலமாக அறிந்திருந்த ஊற்றுகள் அங்கே இருந்தன. 1859 இல் அவற்றைக் கண்ட ஹெர்கொட் என்பவரின் பெயரையே வெள்ளையர் அவற்றுக்கு இட்டனர். நீராவி இயந்திரங்களுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தபடியால், நிலத்தடியிலிருந்து தானாகப் பொங்கும் அவ்வூற்றுகளின் வரிசையை ஒட்டியே தண்டவாளம் வடக்கு நோக்கி நீண்டது. ஆறில்லாத யாழ்ப்பாணத்தில், நன்னீர்க் கிணற்றைப் பார்த்தே காணி வாங்கும் எங்களுக்கு இது இலகுவில் விளங்கும்.

அங்கே ஒட்டகங்களில் சரக்கேற்றிய ஒட்டகக்காரரைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது எனக்கு வருத்தமளிக்கிறது. அவர்களுட் பலர் அன்றைய பிரித்தானிய இந்தியாவிலிருந்து சென்றவர்கள். தண்டவாளத்தின் ஒருபுறம் வெள்ளையரும் மறுபுறம் ஒட்டகக்காரரும் பழங்குடியினருமாக ஊர் பிளவுண்டிருந்தது. அந்த மறுபுறத்தில்தான் அவர்கள் மண்ணால் சிறு பள்ளிவாசலொன்றை எழுப்பி, பேரீச்சைகளையும் நட்டார்கள். உட்பாலைநிலப் பண்ணைகளுக்கு மாவும் சீனியும் கொண்டுபோய், கம்பளிப் பொதிகளை நிலையத்துக்கு ஏற்றி வந்தவை அவர்களின் ஒட்டகங்களே.

பின்னர் டீசல் இயந்திரங்கள் வந்தன, ஊற்றுகளின் தேவை அற்றுப்போனது; வெள்ளம் அடிக்கடி அரித்த பழைய பாதையைக் கைவிட்டு, 1980 இல் வெகு மேற்கே புதிய பாதையைத் திறந்தார்கள்.