அந்த அரை மணித்தியாலத்தை நான் எங்கே போய் வாங்குவது?

ஐந்தாவது கேள்விக்கு விடை எனக்குத் தெரியும். கிரயக் கணக்கீட்டில் அந்தப் பகுதியைத்தான் நாலு இரவு இருந்து திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். வினாத்தாளைப் புரட்டியதும் கண்ணில் பட்டது அதுதான். நீளமான கணக்கு, அட்டவணை கீறி முடிக்கக் குறைந்தது நாற்பது நிமிடம் வேண்டும். என்னிடம் அந்த நாற்பது நிமிடம் இருக்கவில்லை. பதினொன்று பத்துக்கு விடைத்தாளைக் கட்டிக் கொடுத்துவிட்டு எழும்பி வந்தேன். இருபது புள்ளி. ஒரு இலக்கம்கூட எழுதவில்லை.

வாசலில் நின்ற நோக்குநர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "இன்னும் அம்பது நிமிசம் கிடக்குப் பிள்ளை, வடிவாப் பாத்தனீரோ?" என்று கேட்டா. நல்ல மனதோடு கேட்ட கேள்வி. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. என்ன சொல்வது? பரீட்சை முடிவது பன்னிரண்டு மணிக்கு, என் மகளின் முன்பள்ளி முடிவது பதினொன்றரைக்கு என்றா?

பக்கத்து வீட்டு அக்கா கூட்டி வருவதாகத்தான் இருந்தது. காலையில் எட்டு மணிக்குப் போன் வந்தது. சாவகச்சேரியில் அவவின் மாமா தவறிவிட்டார், உடனே போக வேண்டும் என்றா. செத்தவீட்டுக்குப் போகிற மனுசியிடம் நான் என்ன கேட்பது? போயிட்டு வாங்கோ அக்கா என்று சொல்லிவிட்டு, மகளுக்குத் தலை இழுத்து, சப்பாத்து மாட்டி, முன்பள்ளியில் இறக்கிவிட்டு, பலாலி வீதியால் ஸ்கூட்டியை விரட்டினேன். திருநெல்வேலிச் சந்தையடியில் காலை நெரிசல். மரக்கறிச் சாக்கு ஏற்றிய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று நகராமல் நின்றது. அதற்குப் பின்னால் நின்றுகொண்டு, யாரிடம் கேட்கலாம், யாரிடம் கேட்கலாம் என்று மனதுக்குள் பெயர்களைத் தேடினேன். ஒரு பெயர்கூட வரவில்லை.

திரும்பி வரப் பதினொன்று நாற்பது. எல்லாக் கதவும் பூட்டியாயிற்று. திறப்புக் கோர்வையைக் கையில் பிடித்தபடி ஆசிரியை நிற்கிறா, அவவுக்கும் வீட்டில் பிள்ளைகள். மகள் தண்ணீர்ப் போத்தலைக் கழுத்தில் மாட்டியபடி படியில் குந்தியிருக்கிறாள். என்னைக் கண்டதும் அழவில்லை. "எல்லாரும் போயிட்டினம் அம்மா" என்றாள். மூன்று வயது நடக்கிற பிள்ளை. அந்தப் பத்து நிமிடத்தில் அவள் என்ன நினைத்திருப்பாள் என்பதை யோசித்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

இப்போது கேட்கிறேன், இந்த நேரங்களை யார் வைத்தது? ஊரில் முன்பள்ளிகள் எட்டரைக்குத் தொடங்கி பதினொன்றரைக்கு முடியும், அதிகம் போனால் பன்னிரண்டு. ஏன் என்றால், வீட்டில் அம்மா சும்மா இருக்கிறா, வந்து கூட்டிக்கொண்டு போவா என்ற கணக்கு. எங்கள் பரீட்சை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு, இல்லாவிட்டால் ஒன்றரையிலிருந்து நாலரை. ஏன் என்றால், பரீட்சை எழுதுகிறவருக்குப் பிள்ளை இருக்காது என்ற கணக்கு. இரண்டு கணக்கிலும் நான் இல்லை. ஆனால் இரண்டு பிழைக்கும் புள்ளி வெட்டுப்படுவது எனக்கு.

பரீட்சை நேரசூசி வேறு. ஒரு மாதத்துக்கு முன்னர் ஒட்டியதை இரண்டு நாளுக்கு முன்னர் மாற்றுவார்கள். வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்து விழும், காலையில் இருந்தது பின்னேரமாகியிருக்கும். விடுதியில் இருக்கும் தங்கச்சிமாருக்கு அது ஒரு முனகலோடு முடிந்துவிடும். நான் அந்த ஒரு பாடத்துக்காக மூன்று பேரிடம் கெஞ்சி, ஒருவரின் லீவை மாற்றி, கணவரை வவுனியாவிலிருந்து பஸ் ஏறச் சொல்லி வைத்திருப்பேன். ஒரு படத்தில் அவ்வளவும் பாழ்.

இதையெல்லாம் பொறுத்தேன். பொறுக்க முடியாமல் போனது போன தவணை நடந்தது.

கார்த்திகை மழை. யாழ்ப்பாணத்தில் அந்த மாதத்தில் பிள்ளையின் நெற்றி சுட்டால் தாய்க்கு முதலில் வரும் சொல் டெங்கு. வளவுக்குள் எங்கே தண்ணீர் தேங்கியது, எந்த நுளம்பு கடித்தது என்று புத்தி போகும். மகளுக்கு ஒரு சனி இரவு காய்ச்சல் தொடங்கியது. பரசிட்டமோல் பாணி ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. இரவு பத்துக்குக் கொடுத்தால் அடுத்தது விடிய நாலுக்கு. இடையில் ஈரத்துணி. மடியில் பிள்ளை, பக்கத்தில் கதிரையில் நோட்ஸ். இருட்டில் பாணியை அளக்கும்போது ஊற்றுண்டு, என் கணக்காய்வு நோட்ஸின் மூன்று பக்கம் இன்றைக்கும் இளஞ்சிவப்பாய் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை பரீட்சை. அதே காலையில்தான் இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார் டொக்டர். மூன்றாம் நாளில்தான் இரத்தத்தில் பிளேட்லெட் அணுக்கள் இறங்குதா என்று தெரியும், தவற விடாதேங்கோ என்றார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிளேட்லெட் 150,000க்குக் கீழே இறங்கவில்லை, கடவுளே என்று இருந்தது. பரீட்சை போய்விட்டது.

அடுத்த கிழமை பிள்ளையின் மருத்துவச் சான்றிதழ், இரத்தப் பரிசோதனை அறிக்கை எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. மேசையில் இருந்தவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பிள்ளையின்ர பேரில எல்லோ இருக்கு?"

"ஓம் சேர். பிள்ளைக்குத்தான் காய்ச்சல்."

"சோதனை எழுதுறது நீங்களோ பிள்ளையோ?"

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. விதிப்படி பரீட்சார்த்திக்கு வருத்தம் என்றால் ஏற்கலாமாம், நெருங்கிய உறவில் மரணம் என்றால் ஏற்கலாமாம், பிள்ளைக்கு வருத்தம் என்றால் அதற்கு ஒரு கூடு இல்லையாம் படிவத்தில். ஆகவே நான் "சமுகமளிக்கவில்லை". அடுத்த வருடப் பிள்ளைகளோடு இருந்து திரும்ப எழுத வேண்டும், அதிலும் எவ்வளவு திறமாக எழுதினாலும் சாதாரண சித்திக்கு மேல் போடமாட்டார்கள்.

வெளியே வர, வரிசையில் நின்ற ஒரு தங்கச்சி கையைப் பிடித்து இரகசியமாகச் சொன்னாள்: "அக்கா, உங்களுக்குக் காய்ச்சல் எண்டு ஒரு மெடிக்கல் எடுத்துக் குடுத்திருக்கலாமே. எல்லாரும் அப்பிடித்தானே செய்யினம்." அவள் என்மேல் உள்ள இரக்கத்தில்தான் சொன்னாள். ஆனால் அன்று இரவு முழுக்க அந்தச் சொல்தான் நெஞ்சில் கிடந்து அறுத்தது. எனக்கு வராத காய்ச்சலை வந்தது என்று தாளில் எழுதி வாங்கியிருந்தால் நான் பரீட்சைக்குத் தகுதியானவள். என் பிள்ளைக்கு உண்மையில் வந்த காய்ச்சலை, இரத்த அறிக்கையோடு கொண்டுபோய்க் கொடுத்தால் நான் வராதவள். பொய்க்குக் கூடு வைத்திருக்கிறீர்கள், உண்மைக்கு ஏன் ஐயா வைக்கவில்லை?

வேலைக்குப் போகும் தாய்மாருக்காவது சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள் மகப்பேற்று விடுமுறை என்று 2018 இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்ட வேலை நேரத்துக்குள் இடைவேளை கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அவை எல்லாருக்கும் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்பது வேறு கதை. ஆனால் கேட்பதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. படிக்கிற தாய்க்கு அதுவும் இல்லை. நாங்கள் ஊழியர் இல்லையே, மாணவர். மாணவர் என்றால் பிள்ளை, பிள்ளைக்கு ஏது பிள்ளை!

சரி, "படிச்சு முடிச்சிட்டுப் பெத்திருக்கலாமே" என்ற கேள்வி. மாமிமார் கேட்கிறார்கள், கூடப் படிக்கிறவர்கள் கேட்கிறார்கள், முன்பின் தெரியாத ஓட்டோக்காரர்கூட ஒருநாள் கேட்டார். நான் உயர்தரப் பரீட்சை கடைசியாக எழுதியது 2019. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். 2020 இல் கொரோனா வந்து எல்லாம் மூடியது. 2022 இல் பெற்றோல் வரிசையில் நாடே நின்றது. வகுப்புகள் ஒத்திப்போக, பரீட்சைகள் ஒத்திப்போக, முடிந்திருக்க வேண்டிய படிப்பு இழுபட்டு இழுபட்டு இன்றைக்கும் முடியவில்லை. இவர்களின் நேரசூசி முடியும்வரை என் வயது நிற்குமா? பிள்ளை வளர்ந்த பிறகு படிக்கட்டாம் என்று இன்னொரு பகுதி. பதிவை இத்தனை வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று எல்லை வைத்திருக்கிறார்கள், அரச வேலைக்கு விண்ணப்பிக்கவும் வயதெல்லை இருக்கிறது. அப்போது யார் வந்து எனக்காகக் கதைப்பார்கள்?

எங்கள் வகுப்பில் ஒரு அண்ணா இருக்கிறார். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். பரீட்சைக் காலத்தில் வீட்டில் சத்தம் என்று காலையிலேயே யாழ்ப்பாணம் பொது நூலகத்துக்குப் போய்விடுவார், இருட்டினால்தான் வீடு. நல்ல மனிதர், எனக்கு நோட்ஸும் தந்திருக்கிறார். அவரை ஒருவரும் "பிள்ளைகளை ஆர் பாக்கினம்?" என்று கேட்டதை நான் கேட்கவில்லை. நான் அந்த நூலகத்துக்குள் கடைசியாகக் கால் வைத்தது மகள் பிறப்பதற்கு முன்னர். என் வாசிப்பு மேசை குசினிக்குள் இருக்கிறது. இடியப்ப மா குழைக்கும்போது எதிரே சுவரில் சூத்திரங்களை ஒட்டி வைத்திருக்கிறேன்.

உறவுகளிடம் விடலாமே என்பார்கள். எங்கள் அம்மம்மா காலத்தில் ஒரே வளவுக்குள் நாலு வீடு இருந்ததாம். யார் பிள்ளை யார் வீட்டில் சாப்பிட்டது என்று தெரியாதாம். இப்போது எங்கள் வளவில் நாங்கள் மட்டும். அக்கா கனடாவில். சித்தி லண்டனில். மச்சாள் ஆட்கள் பாரிஸில். போரிலும் போருக்குப் பிறகும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல நான் ஆர்? அம்மா இல்லை. மாமிக்கு முழங்கால் ஏலாது, ஓடுகிற பிள்ளையைப் பிடிக்க அவவால் முடியாது. வீடியோவில் எல்லாரும் வந்து மகளைக் கொஞ்சுவார்கள். பதினொன்றரைக்கு முன்பள்ளி வாசலில் நிற்க ஒருவர் இல்லை. பகல் பராமரிப்பு நிலையம் ஒன்றுக்கும் போய்க் கேட்டேன். மாதக் கணக்கில்தான் எடுப்பார்களாம், பரீட்சை நாளுக்கு மட்டும் என்று எடுக்க மாட்டார்களாம். அந்த மாதக் காசு என் கணவரின் சம்பளத்தில் எவ்வளவு என்று கணக்குப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

படிப்புத்தான் எங்கள் சொத்து என்று வாய் ஓயாமல் சொல்லும் ஊர் இது. உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கென்று விடுதிப் பள்ளிக்கூடம் தொடங்கியது 1824 இல். இருநூறு வருடத்துக்கு முன்னர் பெண்பிள்ளையை வீட்டைவிட்டு அனுப்பிப் படிப்பிக்கத் துணிந்த மண். அதைப் பெருமையாக மேடைதோறும் சொல்கிறோம். அந்தப் பெண்பிள்ளை ஒருநாள் தாயாவாள் என்பதை இந்த இருநூறு வருடத்தில் ஒருவரும் யோசிக்கவில்லையா?

நான் கேட்பது மாளிகை இல்லை. பரீட்சை நடக்கும் நாட்களில் மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு வகுப்பறை. ஒரு பாய், நாலு விளையாட்டுச் சாமான், பொறுப்பான ஒரு அம்மா. அதற்குக் காசு கட்டச் சொன்னால் கட்டுகிறேன், என்னைப் போல வேறு சிலரும் கட்டுவார்கள். எங்கள் தொகுதியில் மட்டும் ஐந்து பேர் இருக்கிறோம், ஒருவருக்கு ஏழு மாதக் கைக்குழந்தை. போன பரீட்சையில் அவளின் தங்கச்சி பிள்ளையை வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் மூன்று மணித்தியாலம் நின்றாள். உள்ளே எழுதிக்கொண்டிருந்தவளுக்குப் பிள்ளை அழும் சத்தம் யன்னலால் கேட்டது. பால் சுரந்து சட்டை நனைந்துபோய் வெளியே வந்தாள். அப்புறம் அந்தப் படிவத்தில் ஒரு கூடு. பிள்ளையின் மருத்துவச் சான்றிதழை ஏற்க ஒரே ஒரு வரி. ஒரு கூட்டத்தில் பத்து நிமிடத்தில் முடிக்கக்கூடிய காரியம் இது.

தயவு செய்து இதை வாசித்துவிட்டு "நீங்கள் கெட்டிக்காரி, எப்படியும் சமாளிப்பீங்கள்" என்று எழுதாதேங்கோ. எனக்கு அந்தச் சொல் இனி வேண்டாம். சமாளித்துச் சமாளித்துத்தான் இருபது புள்ளியை வெறுந்தாளாகக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு பாடம் இருக்கிறது. வியாழக்கிழமைப் பரீட்சை காலையில் என்றுதான் இருந்தது. நேற்று இரவு குழுவில் மறுபடியும் படம் வந்தது, பின்னேரம் ஒன்றரைக்கு மாற்றிவிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு அன்றைக்கு மாமாவின் எட்டுச் சடங்கு, அவ வரமாட்டா. கணவருக்கு லீவு கிடைக்குமோ என்று புதன் பின்னேரம்தான் தெரியுமாம். பதினொன்றரையிலிருந்து நாலரைவரை பிள்ளையை யாரிடம் விடுவது என்று நான் இன்னும் ஒருவரையும் பிடிக்கவில்லை.