நின்ற இதயம் ஆறு மாதம்கூடத் தாங்காதா?

"ஒருமுறை நின்றுபோன இதயத்தை எடுத்து வைத்தால் ஆறு மாதம்கூடத் தாங்காது" என்று இதய மாற்று அறுவை சிகிச்சை பற்றி வியாசர்பாடி அண்ணன் மேலே எழுதியிருக்கிறார். அது தவறு அண்ணே.

2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வு சரியாக இந்த ஆறு மாதக் கணக்கைத்தான் பார்த்தது. ரத்த ஓட்டம் நின்று இறந்தவர்களின் இதயம் பெற்றவர்களில் 94 சதவீதம் பேர் ஆறு மாதம் கழித்து உயிரோடு இருந்தார்கள். மூளைச்சாவு அடைந்தவர்களின் இதயம் பெற்றவர்களில் 90 சதவீதம். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் இதைப் படிக்க வேண்டும்.

நின்ற இதயத்தை அப்படியே தூக்கி வைத்துவிடுவதில்லை. அந்த ஆய்வில், எடுத்த இதயத்தை ஒரு கருவியில் பொருத்தி வெதுவெதுப்பான ரத்தத்தை ஓடவிட்டார்கள். உடலுக்கு வெளியே, கண்ணெதிரே அது மறுபடி துடிக்கும். ரத்தத்தில் லாக்டேட் (ஆக்சிஜன் போதாதபோது திசுக்களில் கூடும் பொருள்) அளவு எப்படிப் போகிறது என்று கவனித்து, தேறினால் மட்டுமே பொருத்துவார்கள்.

அண்ணன் பயத்தில் கொஞ்சம் நியாயமும் உண்டு. இவ்வகை இதயம் முதல் நாளில் சரியாக இயங்காமல் திணறுவது கூடுதலாகவே இருந்தது. ஆனாலும் பெரும்பாலானோர் அதைத் தாண்டி வந்துவிட்டார்கள்.

அப்புறம், சென்னை ஸ்டான்லி மருத்துவமனையிலோ ஜி.எச்.சிலோ உறுப்பு தானம் பற்றி நம் வீட்டாரிடம் பேசினால், அது பெரும்பாலும் மூளைச்சாவு பற்றியதாகவே இருக்கும். அப்போது வென்டிலேட்டர் உதவியோடு இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும். தயவுசெய்து அண்ணனின் அந்தப் பதிவைக் காட்டி, உறுப்பு தானம் செய்ய வரும் யாரையும் தடுத்துவிடாதீர்கள்.