ஆச்சியின் ஆடு எந்தக் கணக்கில் வரும்?

சொந்த ஊர் திருநெல்வேலி என்று சொன்னால் அல்வாவுக்கு அடுத்தபடி அரிவாள்தான் பேச்சில் வரும். வெளியூருக்கு வேலைக்குப் போன நாம் எல்லாருமே இதைக் கேட்டிருப்போம். போன வாரம் நண்பர் ஒருவரே, "உங்க ஜில்லாவுலதான குற்றம் ஜாஸ்தி, புள்ளிவிவரமே சொல்லுதே" என்று எழுதியிருந்தார். அபிஷேகப்பட்டியில், மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷம் குற்றவியல் படித்தவன் நான். அந்தப் புள்ளிவிவரம் எப்படிப் பிறக்கிறது என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஆச்சி ஐந்து வெள்ளாடு வளர்த்தாள். ஒரு தை மாதம், ராத்திரியோடு ராத்திரியாக இரண்டைத் தொழுவிலிருந்து அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டும் சினை ஆடு. விடிந்ததும் ஆச்சி ஸ்டேஷனுக்குப் போய் மனு கொடுத்தாள். வாங்கி வைத்துக்கொண்டு, "போய்ட்டு வாங்க ஆச்சி, பாக்கோம்" என்று அனுப்பிவிட்டார்கள். எப்.ஐ.ஆர். இல்லை. மனு வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுகூடக் கையில் தரவில்லை. வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகார் வந்தால் எப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று 2013ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொல்லியாயிற்று. ஆனாலும் அந்த வருஷத்துத் திருட்டுக் கணக்கில் ஆச்சியின் ஆடுகள் களவு போகவே இல்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. பெல்ஜியத்துப் புள்ளியியல் அறிஞர் கெத்தலே 1830களிலேயே இதை யோசித்திருக்கிறார். நமக்குத் தெரியவரும் குற்றம் ஒரு பங்குதான்; தெரிந்ததற்கும் மொத்தத்துக்கும் உள்ள விகிதம் மாறாமல் இருந்தால்தான் ஒரு வருஷத்தை இன்னொரு வருஷத்தோடு ஒப்பிட முடியும் என்றார். அந்த விகிதம் ஊருக்கு ஊர், ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மாறுகிறது. கொலை அநேகமாகக் கணக்குக்கு வந்துவிடும், பிணம் கிடக்கிறதே. வீட்டுக்குள் புருஷனிடம் அடிவாங்கும் பெண் வரமாட்டாள். நாலு பெரியவர்கள் கூடிச் சமாதானம் பேசி வாயடைத்த தலித் குடும்பத்தின் புகார் வராது. ஆச்சியின் ஆடும் வராது.

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 1986ல் தொடங்கியது. ஒரே எப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால் மிகக் கொடியதை மட்டும்தான் அது எண்ணும். லட்சம் பேருக்கு இத்தனை என்று போடுகிற விகிதமோ 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்து மதிப்பிட்ட தொகையின் மேல் நிற்கிறது. நம் மாவட்டமே ஒரே மாவட்டமாக இருந்ததில்லை. 1986ல் தூத்துக்குடி பிரிந்தது, 2019ல் தென்காசி பிரிந்தது. மாநகரக் காவல் தனி, மாவட்டக் காவல் தனி. எந்தத் திருநெல்வேலியை எந்தத் திருநெல்வேலியோடு ஒப்பிடுகிறீர்கள் என்று நண்பரிடம் கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

எனக்கு ஆற்றாமை இதைவிடப் பழைய ஒன்றில். "எங்க தாத்தா காலத்துல துப்புக்கூலி குடுத்தா ஆடு திரும்பத் தொழுவுக்கு வந்துரும்" என்பாள் ஆச்சி. அது காவல் முறை. ஊர் காவல்கூலி கொடுக்கும். பொருள் களவு போனால் காவல்காரர் கண்டுபிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈடு தரவேண்டும். அதில் மிரட்டலும் இருந்தது, நான் அதைப் புனிதப்படுத்தவில்லை. ஆனால் வெள்ளைக்காரன் அதை வெறும் கொள்ளையாகவே பார்த்தான். 1859ல் சென்னை மாகாணத்துக்குப் போலீஸ் சட்டம் வந்தது. வடக்கே 1871ல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911க்குப் பிறகு நம் பக்கமும் வந்தது. நம் சனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். குற்றம் செய்தானா என்று பார்க்கவில்லை. எந்தச் சாதியில் பிறந்தான் என்று பார்த்துக் கைரேகை எடுத்தார்கள். எதிர்த்த மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் சனங்களை 1920 ஏப்ரல் 3ல் போலீஸ் சுட்டது. சென்னை மாகாணத்தில் 1947ல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது. திருநெல்வேலி, தூத்துக்குடி மறவர்கள் இன்றும் சீர்மரபினர், அதாவது குற்றப் பரம்பரை என்ற முத்திரையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள், பட்டியலில் இருப்பது அந்தச் சட்டத்தின் மிச்சம்தான்.

செய்த செயலுக்குத்தான் தண்டனை, ஆளின் பிறப்புக்கு இல்லை என்று இத்தாலியில் சட்டச் சிந்தனையாளர் பெக்காரியா வாதாடியது 1764ல். அதே நாட்டின் மருத்துவர் லொம்ப்ரோசோ 1876ல் மண்டையோட்டை அளந்து பிறவிக் குற்றவாளி என்றார். நம் நாட்டை ஆண்டவர்கள் பெக்காரியாவின் நியாயத்தை ஒரு கையில் சட்டப் புத்தகமாகவும், லொம்ப்ரோசோவின் புத்தியை மறு கையில் ரேகைப் பதிவேடாகவும் வைத்திருந்தார்கள். 'கேடி' என்று சர்வசாதாரணமாகத் திட்டுகிறோமே, அது 'நோன் டெப்ரடேட்டர்' (Known Depredator, தெரிந்த கொள்ளைக்காரன்) என்ற போலீஸ் பதிவேட்டுச் சொல்லின் ஆங்கில முதலெழுத்துகள். ஒரு வட்டாரத்தையே கேடி என்று எழுதி வைத்த பழக்கம்தான், இன்றைக்கு ஜில்லா பெயரைக் கேட்டதும் அரிவாள் என்கிறது.

சாதிக் கொலைகள் இங்கே நடக்கின்றன. அதை மறைக்க நான் எழுதவில்லை, ஒரு கொலைகூட ஒதுக்கத்தக்கது இல்லை. ஆனால் கொலையை மட்டும் எண்ணிவிட்டு, அதற்கு முன்னால் பள்ளிக்கூட வாசலிலும் பஸ்சிலும் நடந்த அடியையும் மிரட்டலையும் எண்ணாமல் விட்டால், அடுத்ததை எப்படித் தடுப்பீர்கள்?

2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல் தடவை திருடி, பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை. அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த வகைத் திருட்டுக்கு மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரணையில் இறங்க முடியாது. இனி நாலைந்து கோழி போனாலும் பழைய போன் போனாலும் எப்.ஐ.ஆர். இருக்காது. திருட்டு குறைந்துவிட்டது என்று நாளைக்கு யாராவது அட்டவணை காட்டினால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் 1970களிலிருந்தும் இங்கிலாந்தில் 1982லிருந்தும் வீடு வீடாகப் போய், "போன வருஷம் உங்களுக்கு என்ன நடந்தது, போலீசில் சொன்னீர்களா, ஏன் சொல்லவில்லை?" என்று கேட்கிறார்கள். நாடு முழுக்க வருஷாவருஷம் அப்படிக் கேட்கும் கணக்கெடுப்பு நம்மிடம் இல்லை. அபிஷேகப்பட்டியில் குற்றவியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. வருஷம் ஒரு தாலுகா எடுத்து மாணவர்களை அனுப்புங்கள் என்று துறைக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். பழைய மாணவர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் கனம் கூடும். ராதாபுரம் பக்கமோ மானூர் பக்கமோ, எங்கே தொடங்கினாலும் நானும் வந்து கதவைத் தட்டுகிறேன்.