டிக்கெட் விலை பற்றி ஒரு திருத்தம்

"கம்பெனி காசு கட்டினால்தான் ஓப்பன் சோர்ஸ் மாநாட்டுக்குள் நுழையவே முடியும்" என்று மேலே நண்பர் எழுதியிருப்பது பாதிதான் சரி. (ஓப்பன் சோர்ஸ் என்றால் மூல நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம் என்று திறந்து வைத்த மென்பொருள்.) பெருநிறுவனங்கள் நடத்தும் சில மாநாடுகளில் கட்டணம் கண்ணைக் கட்டும், மறுக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

பிரஸ்ஸல்ஸில் நடக்கும் ஃபாஸ்டெம் (FOSDEM) என்ற ஓப்பன் சோர்ஸ் மாநாட்டுக்கு டிக்கெட்டே கிடையாது. பெயர்ப் பதிவுகூட வேண்டாம். பல்கலைக்கழக வளாகத்துக்குள் நேராக நடந்து போய் உட்கார வேண்டியதுதான். அங்கே உண்மையான தடை இடம்: அறை நிரம்பிவிட்டால் கதவில் 'ஃபுல்' என்று அட்டை தொங்கும், அப்புறம் கெஞ்சினாலும் உள்ளே விடமாட்டார்கள். (பேச்சுகளின் வீடியோ பிறகு இணையத்தில் வந்துவிடும்.) டெபியன் என்ற ஓப்பன் சோர்ஸ் இயங்குதளத்தை உருவாக்குபவர்களின் மாநாடான டெப்கான்ஃபில் பயணம், தங்குமிடம், சாப்பாடு மூன்றுக்கும் உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கலாம். பைதான் நிரல்மொழிக்கான அமெரிக்க மாநாடான பைகான் யுஎஸ்ஸிலும் நிதியுதவி உண்டு.

செலவு வருவது விமானத்திலும் விசாவிலும்தான். அதைச் சொல்லியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். உதவித்தொகைக்கான கடைசித் தேதி மாநாட்டுக்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும், அதை முதலில் பாருங்கள்.