மகள் பைக்குள் வந்த எண்ணெய்த் துளி

போன வெள்ளிக்கிழமை மகள் பள்ளி விட்டு வந்ததும் வராததுமாகப் பையைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினாள். ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். பள்ளிக்கு ஓர் எண்ணெய் நிறுவனத்தார் வந்திருந்தார்களாம். மண்டபத்தில் உட்கார வைத்துப் புதிர்ப்போட்டி நடத்தினார்களாம். சரியாகச் சொன்னவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தல், எல்லாருக்கும் ஒரு பையும் இந்தப் புத்தகமும். எந்த நிறுவனம் என்று எழுதப் போவதில்லை. யார் வந்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன்.

அட்டையில் கண்ணும் வாயும் வைத்த ஓர் எண்ணெய்த் துளி கையாட்டிக்கொண்டு நிற்கிறது. உள்ளே ஒரு வீட்டின் படம். எண்ணெயிலிருந்து வந்த பொருள்களை வட்டமிட வேண்டும். பல் பிரஷ், சிலிப்பர், வாளி, பந்து, பாட்டியின் மூக்குக்கண்ணாடி என்று ஒன்று விடாமல் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருந்தாள். எல்லாமே சரி. கடலுக்கடியில் எண்ணெய் எப்படி உருவானது என்பதையும் அழகாக விளக்கியிருந்தார்கள்.

நான் இரண்டு தடவை முழுதாகப் புரட்டினேன். அந்த எண்ணெயை எரித்தால் என்ன வெளிவருகிறது என்று ஒரு வரி கிடையாது. லாரி ஓடுகிறது, விமானம் பறக்கிறது, ஆலை இயங்குகிறது. எதற்குப் பின்னாலும் புகை வரையவில்லை. கடைசியில் மட்டும் ‘நம் பூமியைக் காப்போம்’ என்று ஒரு பக்கம். காத்தாடியை (மின்விசிறியை) அடைத்துவிட்டுப் போ, குப்பையைத் தொட்டியில் போடு, மரம் நடு.

அன்று ராத்திரி சோறு சாப்பிடும்போது கேட்டாள்: “அம்மா, நாம காத்தாடிய அடைக்காம போறதாலதான் வெள்ளம் வருதா?”

எனக்குச் சோறு இறங்கவில்லை. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் என் நாத்தனார் வீட்டின் கீழ்மாடி முழுக்க மூழ்கியது. படகு வரும்வரை மேல்மாடியில் பிள்ளைகளோடு ஓர் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். மலேசியா முழுக்க அந்த வெள்ளத்தில் 610 கோடி ரிங்கிட் இழப்பு என்று புள்ளிவிவரத் துறை கணக்குச் சொன்னது. அதற்குக் கால்வாயும் காரணம், கண்ட இடத்தில் வீடு கட்டியதும் காரணம். ஆனால் காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறக்குறைய 7 விழுக்காடு அதிக ஈரத்தைத் தாங்கிக்கொள்ளும், அது கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும் என்பதும் உண்மை. அந்தச் சூட்டை ஏற்றியதில் பெரும்பங்கு நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்ததற்கு. 2023-லும் 2024-லும் வெயில் தாங்காமல் பிள்ளைகளைச் சீருடைக்குப் பதிலாக விளையாட்டு உடையில் வரச் சொன்னார்களே, அந்தச் சூடும் இதோடு சேர்ந்ததுதான். பதினொரு வயதுப் பிள்ளை தன் காத்தாடியைக் குற்றவாளியாக நினைத்துக்கொண்டு தூங்கப் போகிறாள் என்றால் அந்தப் புத்தகம் தன் வேலையைச் செய்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

இது நம் பட்டணத்துக்கு மட்டும் வந்த வழக்கமில்லை. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் 1993-லேயே சட்டமன்றம் ஒரு வாரியம் அமைத்தது. எண்ணெய், எரிவாயு விற்பனையிலிருந்து ஒரு சிறு பங்கு அந்த வாரியத்துக்குப் போகும். அதில்தான் பள்ளிகளுக்குப் பாடப்பொருள் தயாராகிறது. அவர்கள் வெளியிட்ட சிறுவர் கதையில் பெட்ரோ பீட் என்றொரு பையன். எண்ணெயால் ஆன பொருள் எல்லாம் மறைந்துபோன மாதிரி கெட்ட கனவு காண்கிறான். பல் பிரஷ்ஷைக் காணோம், பள்ளிப் பேருந்தைக் காணோம். என் மகள் வட்டமிட்ட பக்கமும் அந்தக் கனவும் ஒரே பாடத்தைத்தான் நடத்துகின்றன.

2011-இல் இன்னொன்று நடந்தது. பள்ளிகளில் புத்தகக் கண்காட்சி நடத்தும் ஸ்கொலாஸ்டிக் பதிப்பகம், நிலக்கரித் தொழில் சார்ந்த ஓர் அறக்கட்டளையின் பணத்தில் அமெரிக்க நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் தயாரித்துக் கொடுத்தது. நிலக்கரியின் நன்மைகள் இருந்தன. சுரங்கத்தால் மண்ணுக்கு என்ன ஆகிறது, புகையால் காற்றுக்கு என்ன ஆகிறது என்பது இல்லை. எதிர்ப்பு கிளம்பியதும் பதிப்பகம் அதை விலக்கிக்கொண்டது. கேட்டதால் நின்றது.

தெரியாமல் விட்டுவிட்டார்கள் என்று சொல்ல வழியில்லை. எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானி ஒருவர் 1977-லேயே மேலதிகாரிகளிடம் புவி சூடாவதைப் பற்றி எடுத்துச் சொல்லியிருக்கிறார். 1998-இல் எண்ணெய் நிறுவனங்களின் சங்கமான அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் கூட்டிய குழு எழுதிய திட்ட வரைவு வெளியே கசிந்தது. பருவநிலை அறிவியலில் உறுதியில்லை என்பதை ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் சொல்லிவைத்தால், புவியைச் சூடாக்கும் வாயுக்களைக் குறைக்க நாடுகள் செய்த கியோத்தோ ஒப்பந்தம் போன்ற நடவடிக்கைகளுக்கு எதிராக ஒரு தடுப்புச் சுவர் எழும்பத் தொடங்கும் என்று அதில் பச்சையாக எழுதியிருந்தது. சுவர் எழுப்ப அவர்கள் பார்த்துவைத்த இடங்களில் வகுப்பறையும் ஒன்று.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இது புரியாமல் போகக் கூடாது.

1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைத்துக் கொடுக்க வேண்டும். என் அப்பா படித்தது அப்படி வந்த பள்ளியில்தான். ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரே அறை. வாத்தியாருக்குச் சம்பளம் தோட்டத்து ஆபீசிலிருந்து. அப்பாவுக்கு நன்றாக வாசிக்க வரும். பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் தலைகீழாக ஒப்பிப்பார். ரப்பர்ப் பால் நிறுக்கும்போது கிராணி (தோட்டத்துக் கணக்கர்) எழுதும் கணக்கு சரியா என்று எட்டிப் பார்த்துக்கொள்வார். ஆனால் அந்தப் பால் கப்பலேறிப் போய் என்ன விலைக்கு விற்கிறது, தொழிற்சங்கம் என்றால் என்ன, ஊர் நாட்டாண்மை கேட்டால் துரை பதில் சொல்ல வேண்டுமா என்பதெல்லாம் அந்த அறையில் ஒரு நாளும் பேசப்படவில்லை. 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவான செய்தியை அவர் கேட்டது கள்ளுக்கடையில். வாத்தியார் பொய் சொல்லித் தரவில்லை. ஒப்பித்த வாய்ப்பாடு அத்தனையும் சரி. விட்டுப்போனது எதுவோ அதுதான் அப்பாவை நாற்பது வருடம் பால்மரத்தடியில் வைத்திருந்தது.

அம்மா மருந்தடிக்கும் வேலை. பாராகுவாட் என்ற களைக்கொல்லி. நாட்டில் அதை முழுதாகத் தடை செய்தது 2020 ஜனவரியில், அம்மா வேலையை விட்டுப் பல வருடம் கழித்து. மருந்து கொண்டுவந்தவர்கள் தோட்டத்துப் பெண்களை வரிசையாக நிற்க வைத்து, கையுறை போடுங்கள், காற்று அடிக்கும் பக்கம் நிற்காதீர்கள், அடித்து முடித்ததும் சோப்புப் போட்டுக் குளியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) நடுவே அந்த வெக்கையில் ரப்பர் கையுறை போட்டு அரை நாள் வேலை செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அம்மாவின் கட்டைவிரல் நகம் இன்றைக்கும் முளைக்காமல் கறுத்துத்தான் கிடக்கிறது. கேட்டால், “நாந்தான் ஒழுங்கா கையுறை போடல” என்பார். என் மகள் காத்தாடியைப் பற்றிக் கேட்டபோது எனக்கு இந்த வார்த்தைதான் காதில் விழுந்தது.

ஒவ்வொருவரும் தன் கரிமத் தடத்தை, அதாவது தன்னால் எவ்வளவு கரிம வாயு வெளியேறுகிறது என்பதை, கணக்குப் பார்க்க வேண்டும் என்று 2000-களின் நடுவில் ஊர் முழுக்க விளம்பரம் செய்து அந்தச் சொல்லைப் பரப்பியதில் பிபி எண்ணெய் நிறுவனத்துக்குப் பெரும்பங்கு உண்டு. பழியைச் சின்னக் கைகளுக்கு மாற்றும் வித்தை ஒன்றுதான், இடம்தான் வேறு.

எண்ணெயே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். டீசல் இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. 1974-இல் அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் தொடங்கியதிலிருந்து இந்த நாட்டின் சாலைக்கும் மருத்துவமனைக்கும் எண்ணெய்ப் பணம் வந்திருக்கிறது. நம் பிள்ளைகள் சிலருக்கு உபகாரச் சம்பளம் கிடைத்திருக்கிறது. அவர்களுடைய தீபாவளி விளம்பரம் பார்த்துக் கண்கலங்கியவள் நான். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தில் 1999-இலிருந்து இருக்கும் அவர்களுடைய அறிவியல் காட்சியகமான பெட்ரோசைன்சுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனபோது அவர்கள் கண்ணில் தெரிந்த ஆசை எனக்கு மறக்காது. (பள்ளிக்கு வந்தவர்கள் இவர்கள் அல்லர், அதையும் சொல்லிவிடுகிறேன்.) அதே பெட்ரோனாஸ் 2050-க்குள் நிகரச் சுழிய உமிழ்வை (வெளியிடும் கரிம வாயுவுக்கு ஈடாக அகற்றிவிடும் நிலையை) எட்டுவோம் என்று 2020-இல் அறிவித்தது. உமிழ்வு ஒரு பிரச்சினை என்று பங்குச் சந்தைக்காரர்களுக்கும் வெளிநாட்டாருக்கும் சொல்லலாம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்குச் சொல்லக் கூடாதா?

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேட்டேன். தலைவர் ஐயா நல்ல மனிதர், பள்ளிக்காகச் சொந்தக் காசைச் செலவழித்தவர். “அவங்க ரெண்டு புரொஜெக்டர் குடுத்துட்டுப் போயிருக்காங்கமா. நமக்கு யாரு குடுக்கிறா?” என்றார். பதில் சொல்ல முடியவில்லை. நிலம் தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் நம் பள்ளி இன்னும் பகுதி உதவி பெறும் பள்ளி. கூரை ஒழுகினால் நன்கொடைச் சீட்டோடு கடை கடையாக ஏறி இறங்குவது நாம்தான். கை ஏந்தி நிற்கும் பள்ளிக்குள் நுழைவது எளிது. பணக்காரப் பள்ளியில் இப்படிப் புத்தகம் கொடுப்பதற்கு முன் யாராவது ஒருவர் திறந்தாவது பார்த்திருப்பார்.

புரொஜெக்டரைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை. வெளியார் கொண்டுவரும் எந்தப் புத்தகமும் பிள்ளை கைக்குப் போகுமுன் அறிவியல் ஆசிரியரும் இரண்டு பெற்றோரும் வாசிக்க வேண்டும். யார் பணத்தில் அச்சானது என்று ஆசிரியர் வகுப்பில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். விட்டுப்போன பக்கத்தை நாமே சேர்க்க வேண்டும். டீச்சரிடம் பேசினேன். புதுப்பிக்க முடியாத சக்தி மூலங்கள் பாடத்திலேயே வருகிறது, அதோடு சேர்த்து எரித்தால் என்ன ஆகும் என்று ஒரு பாடவேளை எடுக்கிறேன் என்று உடனே ஒத்துக்கொண்டார்.

வீட்டில் நானும் மகளும் அந்தப் புத்தகத்தை மறுபடி எடுத்து உட்கார்ந்தோம். பென்சிலால் ஒவ்வொரு வண்டிக்கும் பின்னால் புகை வரைந்தாள். லாரி படம் வந்ததும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். “போடு பாப்பா, என் லாரியிலயும் வருதுதானே” என்றார்.

அடுத்த சங்கக் கூட்டம் வரும் மாதம் இரண்டாவது சனிக்கிழமை காலை 9 மணிக்கு. இதைப் பேச்சுப் பட்டியலில் சேர்க்கச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் பிள்ளை பையிலும் இப்படிப் புத்தகம் வந்திருந்தால் பக்கங்களைப் படமெடுத்து நம் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போடுங்கள். எந்த நிறுவனமாக இருந்தாலும் சரி, செம்பனையாக இருந்தாலும் சரி. வெளியூர்ப் பள்ளிகளில் இருப்பவர்கள் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.