மாப்பிள்ளை, அந்தத் தட்டைக் கழுவாதீங்க!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் கோயமுத்தூரிலிருந்து ஈரோட்டுக்கு வந்தார்கள். வரும்போதே காரில் ஓடிஜி என்கிற மின்சார அடுப்பு. "அம்மா, இன்னைக்கு குழம்பு வேண்டாம், முழுக்கோழி ரோஸ்ட்" என்றாள் மகள். சரி, ஒரு வேளை மசாலா அரைக்காமல் இருக்கலாம் என்று நானும் உட்கார்ந்துவிட்டேன்.

கோழி நன்றாகத்தான் வெந்தது. தோல் பொன்னிறம், வீடெல்லாம் வாசம். எடுத்து வெளியே வைத்தோம். எங்கள் மாப்பிள்ளை தங்கமான பையன், சும்மா உட்காரத் தெரியாது. "அத்தை, அடுப்புத் தட்டைக் கழுவி வெச்சுட்டனுங்க, ஒரே பிசுக்குங்க" என்றார். மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். எனக்கு ஏனென்று புரியவில்லை, சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. நெஞ்சுக்கறி தொண்டையில் இறங்கவே இல்லை. கடைசியில் காலையில் வைத்த செலவு ரசத்தை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டோம். ரோஸ்ட் சிக்கனுக்கு ரசம்!

கிரேவி என்றால் நமக்கு வெங்காயம் தக்காளி வதக்கிய கெட்டிக் குழம்பு. ஓட்டல்கள் பழக்கிவிட்டன. அதுவும் ருசிதான். ஆனால் ரோஸ்டுக்கு ஊற்றும் கிரேவி தனியாக வைக்கிற குழம்பே இல்லை. தட்டில் சொட்டிய கொழுப்பும், அடியில் பிடித்துப் பழுப்பேறிய சாறும்தான் அது. மாப்பிள்ளை பிசுக்கு என்றாரே, அன்றைய கிரேவியே அதுதான். சோப்பு நுரையோடு சாக்கடைக்குப் போய்விட்டது.

யோசித்துப் பார்த்தால் இது நமக்கும் தெரிந்த சங்கதி. எங்கள் அமுச்சி கோழி வறுத்த இரும்புச் சட்டியில் ஒரு கரண்டி வெந்நீர் விட்டுச் சுரண்டி, அதிலேயே சோற்றைப் போட்டுப் பிரட்டி உருட்டித் தரும். அந்தக் கடைசி உருண்டைக்குப் பேரன் பேத்திகளுக்குள் அடிதடி. வெள்ளைக்காரன் அதில் கொஞ்சம் மாவு சேர்த்தான், அவ்வளவுதான்.

அடுத்த முறை அவர்கள் வந்தபோது நானே இறங்கினேன். முதல் வேலை கறிக்கடையில். சும்மா நின்றால் தோலை உரித்துத் துண்டு போட்டுவிடுவார்கள். "முழுசா, தோலோட வேணுங்க, கழுத்தும் காலும் தனியாக் குடுங்க" என்று கேட்டு வாங்க வேண்டும். தோல் போனால் கொழுப்பு போச்சு, அப்புறம் தட்டில் என்ன சொட்டும்? 1.5 கிலோ பிராய்லர் போதும். நாட்டுக்கோழியை இதற்கு வாங்காதீர்கள். அது குழம்புச் சட்டியில் நிதானமாக வேக வேண்டிய கறி, அடுப்புக்குள் வைத்தால் விறகாகிவிடும்.

கழுத்து, கால், பத்து மிளகு, நாலு சின்ன வெங்காயம் போட்டு ஒரு மணி நேரம் சிறு தீயில் சாறு எடுத்தேன். ஈரல் போடவில்லை, கசக்கும். கோழிக்கு அடியில் தட்டிலும் ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம் பரப்பினேன். இது மகளுக்குப் பிடிக்காத என் சொந்தச் சேர்க்கை. தட்டு காய்வது போலத் தெரிந்ததும் அரை டம்ளர் தண்ணீர் விட்டேன். பழுப்பு வரைக்கும் ருசி, கறுத்துவிட்டால் கசப்பு. அப்போது தாராளமாக மாப்பிள்ளை கழுவட்டும்.

வெந்த கோழியை வெட்டாமல் 20 நிமிடம் விட வேண்டும், அப்போதுதான் சாறு கறிக்குள் நிற்கும். கிரேவி வைக்க அந்த நேரம் சரியாக இருக்கும். தட்டைச் சாய்த்து, மேலே மிதக்கும் கொழுப்பில் இரண்டு மேசைக்கரண்டி வாணலிக்கு. அதே அளவு மைதா. பச்சை வாசம் போய் இளம்பழுப்பாகும் வரை வறுத்தேன். மிச்சக் கொழுப்பை வடித்துவிட்டு, சூடான கோழிச்சாறு ஒரு டம்ளர், சுமார் 250 மில்லி, தட்டில் ஊற்றி மரக்கரண்டியால் சுரண்டினேன். ஒட்டியிருந்த பக்கெல்லாம் இளகி, சாறு டிக்காஷன் நிறத்துக்கு வந்ததைப் பார்க்க வேண்டுமே! அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாவில் விட்டுக் கிளற வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் கட்டிதான். கொதி வந்தால்தான் கெட்டிப்படும், ஆறினால் இன்னும் இறுகும். கொஞ்சம் தண்ணியாகவே இறக்குங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா பொட்டுக்கடலை அரைத்து விடச் சொன்னார். ஒரு கிண்ணத்தில் தனியாகச் செய்து பார்த்தேன், குருமா ஆகிவிட்டது. தேங்காயும் அப்படித்தான். கரம் மசாலா பக்கமே போகாதீர்கள். ஆற்றைத் தாண்டினால் பள்ளிபாளையம்; வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப்பல், இவ்வளவை வைத்துக்கொண்டு மசாலாப் பொடி இல்லாமலேயே கோழிக்குப் பேர் வாங்கிய ஊர். அதைச் சாப்பிட்டு வளர்ந்த நாமே எல்லாவற்றிலும் பொடியைக் கொட்டினால் எப்படி? பாக்கெட்டில் வரும் கிரேவிப் பொடியும் வாங்கிப் பார்த்தேன். உப்புதான் முன்னால் நிற்கிறது, கோழியைக் காணோம்.

அன்றைக்கு நெஞ்சுக்கறிதான் முதலில் தீர்ந்தது. மாப்பிள்ளை அடுப்புத் தட்டை எடுத்து, ரெண்டு கரண்டி சுடுசோறு போட்டு, மூலை மூலையாக வழித்துச் சாப்பிட்டுவிட்டு என்னிடம் நீட்டினார். "இப்பக் கழுவலாங்களா, அத்தை?"