விமானி ஆகணுமா? கடன் வாங்குவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள்

பயிற்சிப் பள்ளியைத் தேடும் முன் விமானிகளுக்கான முதல் வகுப்பு (கிளாஸ் 1) மருத்துவச் சான்றிதழ் எடுங்கள். கண், காது, இதயம் எல்லாம் பார்ப்பார்கள். நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருப்பதே சிலருக்கு அங்கேதான் தெரிய வருகிறது. அது பயிற்சிக்குப் பாதிப் பணம் கட்டிய பிறகு தெரிந்தால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்?

சரி, அடுத்தது பாதை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்கும் இன்டகிரேட்டட் படிப்பு ஒன்று, கட்டம் கட்டமாகப் போகும் மாடுலர் முறை இன்னொன்று. முடிவில் கைக்கு வருவது, சம்பளத்துக்கு விமானம் ஓட்ட உதவும் ஒரே வணிக விமானி உரிமம்தான். சர்வதேச விதிப்படி அதற்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும், அங்கீகரித்த இன்டகிரேட்டட் பயிற்சி என்றால் 150 போதும். மணி குறைவதால் செலவும் குறையும் என்று நினைத்துவிடாதீர்கள், பெரும்பாலும் அந்தப் பேக்கேஜ்தான் விலை கூடுதல்.

வீட்டை அடகு வைத்துத்தான் படிக்க முடியும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு மாடுலர்தான் சரி என்று அடித்துச் சொல்வேன். வேலை பார்த்துக்கொண்டே முதலில் தனியார் விமானி உரிமம் (சம்பளம் வாங்காமல் பறக்க மட்டும்) எடுக்கலாம், அதோடு இது நமக்கு ஒத்துவருமா என்பதும் தெரிந்துவிடும், வேண்டாம் என்றால் அங்கேயே நிறுத்தினாலும் நஷ்டம் தாங்கக்கூடியது. ஆனால் இந்த முறையில் ஆபத்து இடைவெளிதான். மாதக் கணக்கில் பறக்காமல் விட்டால் கை மறந்துவிடும், பழைய பாடத்தையே மறுபடி காசு கொடுத்துப் படிக்க வேண்டிவரும். தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தபட்சம் 40 மணி நேரம் என்று விதியில் இருப்பது பலருக்கு 60ஐத் தாண்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆகும் பணத்தை முழுதாகச் சேர்த்துவைத்துக்கொண்டு, வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது பறக்கிற மாதிரி தொடங்குங்கள். மணிக்கட்டணம் மலிவான பள்ளியைவிட விமானமும் பயிற்சியாளரும் தவறாமல் கிடைக்கும் பள்ளி கடைசியில் மலிவாக முடியும்.

பட்டப்படிப்பு? உரிமத்துக்கு அது கட்டாயமில்லை. அமெரிக்காவில் விமான நிறுவனத்தில் துணை விமானியாக உட்காரப் பொதுவாக 1500 மணி நேரம் வேண்டும், அங்கீகாரம் பெற்ற விமானவியல் பட்டம் இருந்தால் 1000 வரை குறையலாம். அந்த மணிகளைப் பலர் பயிற்சியாளராகச் சம்பளம் வாங்கிக்கொண்டே சேர்க்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்த வழி அது. மற்றபடி, எந்தத் துறையிலாவது செலவு குறைந்த ஒரு பட்டம் கையில் இருப்பது நல்லது, பறப்பதற்கான மருத்துவத் தகுதி எந்த வயதிலும் போகலாம், அப்போது அது கைகொடுக்கும்.

வெளிநாட்டில் மலிவு என்று கிளம்புபவர்கள் சொந்த நாட்டு உரிமமாக மாற்றும் தேர்வு, கட்டணம், காத்திருக்கும் மாதங்கள் எல்லாவற்றையும் கணக்கில் சேருங்கள். உரிமம் வாங்கிய பிறகு குறிப்பிட்ட ஜெட் ரகத்துக்கான டைப் ரேட்டிங் என்ற தனிப் பயிற்சி வேறு இருக்கிறது, அதன் செலவைச் சில நிறுவனங்கள் நம் தலையிலேயே கட்டும்.

முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்டால் கட்டாதீர்கள். பள்ளி மூடினால் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும் பாடு. சேரும் முன் அங்கே இப்போது படிக்கும் மாணவர்களைத் தனியாகப் பார்த்து, போன மாதம் எத்தனை மணி பறந்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.